62 இடத்துக்கு அனுப்பிய ரெஸ்யூம், ஒரு அழைப்பும் இல்லை: தவறு எங்கே?

கேள்வி, மார்ச் 2

ஐந்து மாதமாக வேலை தேடுகிறேன். கிடங்கில் இருப்புக் கணக்கு பார்த்து ஆறு வருட அனுபவம். இதுவரை 62 இடத்துக்கு ஒரே ரெஸ்யூமை அனுப்பியாகிவிட்டது. இரண்டு இடத்திலிருந்து தானாகப் போகிற வருத்த மெயில் வந்தது, மற்ற இடங்களிலிருந்து ஒன்றுமே இல்லை. இப்போதெல்லாம் மனிதர்கள் ரெஸ்யூம் படிப்பதே இல்லை, மென்பொருளே கழித்துக்கட்டிவிடுகிறது, எனவே எப்படி எழுதினாலும் ஒன்றுதான் என்பது என் கருத்து. தவறு என்றால் சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு

பாதி தவறு. பதினோரு வருடமாக எங்கள் குழுவுக்கு ஆள் எடுக்கும் வேலையில் நானும் இருக்கிறேன். விண்ணப்பங்களை முதலில் வாங்குவது ஏடிஎஸ் என்கிற மென்பொருள்தான், அது உண்மை. ஆனால் நான் பார்த்தவரை அது உட்கார்ந்து தீர்ப்பு எழுதுவதில்லை. உங்கள் கோப்பிலிருந்து எழுத்துகளை மட்டும் உருவி, பெயர், போன், கடைசி வேலை, படிப்பு என்று கட்டம் கட்டமாக நிரப்பி வைத்துக்கொள்கிறது. பிறகு எங்களில் ஒருவர் தேடல் பெட்டியில் "இருப்பு", "எக்செல்" என்று எதையாவது அடித்து, வருகிற பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டு போவார். உங்கள் எழுத்துகள் சரியாக உருவப்படவில்லை என்றால் அந்தப் பட்டியலிலேயே நீங்கள் வரமாட்டீர்கள். யாரும் உங்களைக் கழிக்கவில்லை, கண்ணில் படவே இல்லை. (விண்ணப்பப் படிவத்தில் "ஓட்டுநர் உரிமம் உண்டா", "இரவு முறை வேலைக்குத் தயாரா" என்று ஆம்/இல்லைக் கேள்விகள் இருக்குமே, அதில் தவறான பதிலைத் தொட்டால் மட்டும் நிஜமாகவே அங்கேயே நின்றுபோகும். அவசரத்தில் அழுத்தாதீர்கள்.)

முதலில் ஒரு சோதனை. உங்கள் பிடிஎஃபைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, வெறும் நோட்பேடில் ஒட்டுங்கள். என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள், அப்புறம் பேசுவோம்.

மார்ச் 3

ஒட்டிப் பார்த்தீர்கள், வந்த முதல் சில வரிகளைப் போட்டிருக்கிறீர்கள்:

"2019 எக்செல் முதல் கிடங்கு உதவியாளர் தமிழ் 2022 வரை ஆங்கிலம் இருப்புப் பதிவேடு நான்கு நட்சத்திரம்"

இது நீங்கள் எழுதியது இல்லை. இடது பக்கம் வேலை விவரம், வலது பக்கம் திறமைகள் என்று இரண்டு பத்தியாகப் பிரித்த அழகான வார்ப்புரு ஒன்றை எடுத்திருக்கிறீர்கள். கண்ணுக்கு இரண்டு பத்தி. உருவுகிற மென்பொருள் சில நேரம் குறுக்கே ஒரே கோடாகப் படித்துக்கொண்டு போய்விடுகிறது. எல்லா மென்பொருளும் இப்படி இல்லை, புதியவை பலவும் சமாளிக்கின்றன. ஆனால் நீங்கள் அனுப்புகிற இடத்தில் எது இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதே. ஒரே பத்தி, மேலிருந்து கீழ். அவ்வளவு போதும்.

இன்னொன்று கவனித்தீர்களா? ஒட்டியதில் உங்கள் போன் எண்ணே இல்லை. அதை வேர்டில் பக்கத் தலைப்புப் பகுதிக்குள், அதாவது ஹெடரில், போட்டிருப்பீர்கள். அந்தப் பகுதியைச் சில மென்பொருள்கள் தொடுவதே இல்லை. பெயர், போன், மெயில் மூன்றையும் பக்கத்தின் உடலுக்குள் கொண்டுவாருங்கள். குட்டி போன் படம், குட்டி உறை படம் எல்லாம் வேண்டாம், அவை சில இடத்தில் வெறும் கட்டமாக மாறிவிடும்.

அந்த நட்சத்திரங்களையும் எடுத்துவிடுங்கள். எக்செல் ஐந்துக்கு நான்கு என்றால் எனக்கு என்ன புரியும்? "இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டு விடுபட்டதைக் கண்டுபிடிப்பேன், பிவட் அட்டவணை போடுவேன்" என்றால் புரிகிறது.

மார்ச் 3, சற்று கழித்து

விட்டுப்போனது: அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து அனுப்பாதீர்கள். அது படம். பல இடத்தில் அதிலிருந்து ஓர் எழுத்துகூட வராது.

மார்ச் 5

"ஆறு விநாடிதான் பார்க்கிறார்களாமே" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அந்த எண் லேடர்ஸ் என்ற அமெரிக்க வேலைவாய்ப்பு நிறுவனத்தின் ஆய்விலிருந்து வந்தது. 2012-இல் ஆள் எடுப்பவர்கள் 30 பேரின் கண் அசைவைப் பதிவு செய்து, ஒரு ரெஸ்யூமின் மேல் முதல் பார்வை சுமார் 6 விநாடி நிற்கிறது என்றார்கள். 2018-இல் மறுபடி பார்த்தபோது 7.4 விநாடி. கண் போன இடங்கள்: பெயர், இப்போதைய வேலை, அதற்கு முந்தைய வேலை, தேதிகள், படிப்பு.

என் அனுபவமும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் அந்த ஆறு விநாடி வேலை கொடுப்பதற்கான முடிவு இல்லை, "இதை எடுத்து வைப்போமா" என்பதற்கான முடிவு. எடுத்து வைத்ததை மத்தியானம் உட்கார்ந்து வரி வரியாகப் படிப்பேன். ஆக உங்கள் ரெஸ்யூமை ஒரே ஆள் இரண்டு விதமாகப் படிக்கிறார், முதலில் ஓட்டமாக, பிறகு நிதானமாக. ஓட்டத்துக்கு உதவுவது பக்கத்தின் மேல் பாதி.

அங்கே இப்போது நீங்கள் என்ன வைத்திருக்கிறீர்கள்? "சவால்கள் நிறைந்த சூழலில் என் திறமைகளை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் பங்களிக்க விரும்புகிறேன்." முழுசாக நான்கு வரி. இதை எடுத்துவிட்டு "கிடங்கு இருப்புக் கணக்காளர், 6 வருடம், மாத முடிவுக் கணக்கெடுப்பு, சரக்கு வரத்து சரிபார்ப்பு" என்று ஒரே வரி போடுங்கள்.

ஒரே பக்கம்தான். அதற்கு மேல் போகவே கூடாது. தேதிகளுக்கு மாதம் வேண்டாம், வருடம் போதும்.

மார்ச் 8

இன்றைக்குச் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இதுவரை பேசியதெல்லாம் வெளிப்பூச்சு.

உங்கள் இரண்டாவது வேலையின் கீழே இருக்கிற முதல் வரி: "இருப்புப் பதிவேடுகளைப் பராமரிக்கும் பொறுப்பு." இந்த வரியில் நீங்கள் எங்கேயும் இல்லை. உங்களுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரும் இதைத்தான் எழுதியிருப்பார், உங்களுக்குப் பிறகு வந்தவரும் இதையே எழுதுவார். அது அந்த வேலையின் விவரம், உங்களுடையது அல்ல. நான் பார்க்கும் ரெஸ்யூம்களில் மிக அதிகமாக வருகிற தவறு இதுதான், எழுத்துப்பிழையை விட அதிகம்.

நேற்று உங்களிடம் நான்கைந்து கேள்வி கேட்டேன் அல்லவா, அவற்றுக்கு நீங்கள் சொன்ன பதிலை இங்கே அப்படியே வைக்கிறேன், மற்றவர்களுக்கும் உதவட்டும். எத்தனை வகைப் பொருள்? சுமார் 1,800. கணக்கெடுப்பு எப்போது? மாதக் கடைசியில், இரண்டு பேர், மூன்று நாள், அந்த மூன்று நாளும் சரக்கு வெளியே போகாது. நீங்கள் ஏதாவது மாற்றினீர்களா? "பெரிதாக ஒன்றும் இல்லை, தினமும் காலையில் ஓர் அடுக்கை மட்டும் எண்ணிவிடலாம் என்று ஆரம்பித்தேன், மாதக் கடைசியில் பாக்கி ஒரு நாள் வேலைதான் இருந்தது."

பெரிதாக ஒன்றும் இல்லையா! அதுதான் ரெஸ்யூம். மூன்று நாள் நின்றுகிடந்த கிடங்கு ஒரு நாள் மட்டும் நின்றது, அது உங்களால்.

முதல் முயற்சியில் நீங்கள் எழுதியது: "கணக்கெடுப்புத் திறனை 66% மேம்படுத்தினேன்." வேண்டாம். மூன்று நாள் ஒரு நாளானதை யாரோ சதவீதமாக்கச் சொல்லியிருக்கிறார்கள். படிக்கிறவருக்கு எதன் 66%, எதிலிருந்து என்றே தெரியாது, சந்தேகம்தான் வரும். இரண்டாவது முயற்சி: "தினசரி சுழற்சிக் கணக்கெடுப்பை அறிமுகப்படுத்தி மாத முடிவுப் பணியைச் சீராக்கினேன்." பரவாயில்லை, ஆனால் "சீராக்கினேன்" என்ற சொல்லுக்குள் எல்லாம் ஒளிந்துகொண்டது. மூன்றாவது:

"சுமார் 1,800 வகைப் பொருள்களின் மாதக் கணக்கெடுப்பு, தினம் ஓர் அடுக்கு எண்ணும் முறையைத் தொடங்கியதால் கிடங்கு நின்றிருந்த நேரம் 3 நாளிலிருந்து 1 நாளானது."

இதை என் முன்னால் வைத்தால் நான் நிச்சயம் கூப்பிடுவேன். அந்த அடுக்குகளை எந்த வரிசையில் எண்ணினீர்கள், எண்ணிய பிறகு அதே நாளில் சரக்கு வெளியே போனால் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்க எனக்கே ஆசை வருகிறது. நேர்காணலில் முதல் கேள்வி என்னவாக இருக்க வேண்டும் என்பதை நீங்களே தீர்மானித்துவிட்டீர்கள், பதிலும் உங்களிடம் இருக்கிறது.

எண் இல்லாத வேலைகளும் உண்டு, எண்ணைக் கற்பனை செய்யாதீர்கள். "புதிதாக வந்த மூன்று பேருக்கு ரசீது சரிபார்ப்பு சொல்லிக்கொடுத்தேன்", "ஒரே பொருளுக்கு இரண்டு குறியீடு இருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்தினேன்" போன்றவையும் போதும். நடந்தது ஒன்று இருந்தால் சரி.

மார்ச் 9

என்னைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் வேலைக்கு முன்னால் நான்கு மாதம் எனக்கும் ஒரு அழைப்பும் வரவில்லை. படிப்பில் குறை, அனுபவத்தில் குறை என்று இரவெல்லாம் யோசித்திருக்கிறேன். கடைசியில் ஓரிடத்தில் இருந்து மெயில் வந்தது: "மூன்று முறை அழைத்தோம், எண் தவறு என்கிறார்கள்." எட்டும் மூன்றும் இடம் மாறியிருந்தன. அந்த எண்ணை நானே நூறு தடவை பார்த்திருப்பேன். நம்முடைய எண்ணை நாம் படிப்பதில்லை, தெரிந்ததைத்தான் பார்க்கிறோம். அந்த நான்கு மாதத்தில் வேறு யார் யார் அழைத்தார்கள் என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது, நினைத்தால் இன்னும் வலிக்கிறது.

மார்ச் 12

5ஆம் தேதி எழுதியதில் இரண்டைத் திருத்த வேண்டும்.

ஒரே பக்கம் என்று அடித்துச் சொன்னேன். பத்தொன்பது வருட அனுபவம் உள்ள ஒருவர், அப்படியானால் எதை வெட்டுவது என்று கேட்டிருக்கிறார். நியாயம். ஓரிரண்டு வேலை பார்த்தவருக்கு ஒரு பக்கம் போதும், நீண்ட அனுபவம் என்றால் இரண்டு பக்கம் தாராளமாகப் போகலாம். நான் எடுத்த ஆட்களில் பாதிப் பேர் இரண்டு பக்கம்தான் கொடுத்தார்கள். ஆய்வு, கல்லூரிப் பணிக்கான சிவி என்றால் கட்டுரைப் பட்டியலோடு பத்துப் பக்கம்கூட ஆகும், அது வேறு வகை. ஒரு பக்கத்துக்குள் அடைப்பதற்காக எழுத்தைப் பொடியாக்கி ஓரத்தை ஒட்டி எழுதுவதுதான் மோசம்.

இரண்டாவது, மாதம் வேண்டாம் என்றது. தவறு, மாதமும் போடுங்கள். "2021 – 2022" என்றால் இரண்டு வருடமாகவும் இருக்கலாம், டிசம்பரில் சேர்ந்து ஜனவரியில் விலகியதாகவும் இருக்கலாம். ஆள் எடுப்பவர்களுக்கு இது தெரியும். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்தேன். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் 14 மாதம் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தேன், அதை மறைக்க அப்போது வருடம் மட்டும் போட்டேன், அந்தப் பழக்கம்தான் ஆலோசனையாக வெளியே வந்துவிட்டது. நேர்காணலில் அதைக் கண்டுபிடித்துக் கேட்டார்கள். உண்மையைச் சொன்னேன், "இதை ஏன் மறைத்தீர்கள்?" என்றார் நேர்காணல் செய்த பெண்மணி. இடைவெளி அவருக்குப் பிரச்சினையாக இல்லை, மறைத்ததுதான் உறுத்தியது. இப்போது "குடும்பப் பராமரிப்புக்காக இடைவெளி" என்று ஒரு வரி, மாதத்தோடு.

மார்ச் 15

"கொஞ்சம் கூட்டி எழுதினால் யாருக்குத் தெரியும்" என்று ஒருவர். வெகுநாள் கழித்துக்கூடத் தெரியும். யாகூவின் தலைமை நிர்வாகியாக இருந்த ஸ்காட் தாம்ப்ஸன் 2012 மே மாதம் பதவி விலகினார். அவருடைய பட்டம் கணக்கியலில், விவரக்குறிப்பில் கணினி அறிவியலும் சேர்ந்திருந்தது. அவர் பதவியில் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மாணவர் சேர்க்கைத் தலைவராக இருந்த மேரிலீ ஜோன்ஸ் 28 வருடம் அங்கே வேலை பார்த்த பிறகு, பெறாத பட்டங்களைக் குறிப்பிட்டது வெளியே வந்ததால் 2007-இல் விலகினார். இத்தனை வருடம் நன்றாக வேலை செய்து பெயர் வாங்கியவர், ஆரம்பத்தில் எழுதிய ஒரு வரியால் போனார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கும், அந்தப் பட்டம் இல்லாமலே அவரால் அந்த வேலையைச் செய்ய முடிந்ததே.

படிப்பை முடிக்கவில்லை என்றால் "மூன்றாம் ஆண்டு வரை" என்று எழுதுங்கள். நான் எடுத்திருக்கிறேன், அப்படி எழுதியவரை.

மார்ச் 16

பேச்சு எங்கேயோ போகிறது, பரவாயில்லை. லியொனார்டோ டா வின்சி 1482 வாக்கில் மிலான் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கு வேலை கேட்டு எழுதிய கடிதத்தை முதல் ரெஸ்யூம் என்று பலர் சொல்வார்கள். மடக்கித் தூக்கிப்போகிற பாலம், அகழியில் தண்ணீரை வடிப்பது, பீரங்கி, மூடிய வண்டி என்று வரிசையாக எண் போட்டு எழுதிக்கொண்டே போகிறார். ஓவியம் கடைசியில்தான் வருகிறது. போர் ஓயாத காலத்தில் அந்த ஆட்சியாளருக்கு எது தேவையோ அது முன்னால்.

இதைச் சொல்லக் காரணம், ஒரே கோப்பை 62 இடத்துக்கும் அனுப்பியதாகச் சொன்னீர்கள். முழுவதும் மாற்றி எழுத வேண்டாம். விளம்பரத்தை இரண்டு முறை படித்து, அவர்கள் முதலில் கேட்பது சரக்கு வரத்து என்றால் அந்த வரியை மேலே தூக்குங்கள். அவர்கள் "ஸ்டாக் ஆடிட்" என்று எழுதியிருந்தால் நீங்களும் அந்தச் சொல்லையே பயன்படுத்துங்கள், தேடுகிறவர் அதைத்தான் தட்டச்சு செய்வார்.

விளம்பரம் முழுவதையும் வெள்ளை எழுத்தில் பக்கத்தின் அடியில் ஒளித்து வைக்கலாம் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. செய்யாதீர்கள். எழுத்துகளை உருவும்போது வெள்ளையும் கறுப்பும் ஒன்றுதான், அந்த மூட்டை முழுவதும் எங்கள் திரையில் வந்து நிற்கும்.

மார்ச் 21

செயற்கை நுண்ணறிவை வைத்து எழுதலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பிழை பார்க்க, நீண்ட வரியைச் சுருக்க, தாராளமாக. ஆனால் என்ன நடந்தது என்பதை அதனிடம் விட்டுவிடாதீர்கள். போன மாதம் ஒருவருடைய ரெஸ்யூமில் "பல துறைக் குழுக்களை வழிநடத்தினேன்" என்று இருந்தது. எத்தனை பேர், என்ன குழு என்று கேட்டேன். முகம் வாடிவிட்டது. அவர் எழுதியது இல்லை அது, அவர் சரியாகப் பார்க்காமல் விட்டது. பாவம், அவர் தனியாகச் செய்திருந்த வேலையே நன்றாகத்தான் இருந்தது, அது மூன்றாவது வரியில் ஒளிந்துகிடந்தது.

இன்னொரு சங்கடம், எல்லா ரெஸ்யூமும் ஒரே குரலில் வருகின்றன. ஒரு நாளில் நாற்பது படிக்கும்போது "ஆற்றல்மிக்க", "முடிவுகளை நோக்கிய" என்ற சொற்களைக் கண் தாண்டிப் போய்விடுகிறது. உங்கள் அடுக்கு எண்ணும் வரியில் அது நிற்கும்.

மார்ச் 22

புகைப்படம், பிறந்த தேதி, திருமணம் ஆனதா: அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வைக்காதே என்பார்கள், ஜெர்மனியில் புகைப்படம் ஒட்டுவது வெகுகாலமாக வழக்கம். போகிற நாட்டைப் பாருங்கள். கேட்கவில்லை என்றால் நான் வைக்கமாட்டேன்.

இதோடு ஒன்று. இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு 62 மௌனத்துக்கும் நீங்கள்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெர்ட்ராண்ட், முல்லைநாதன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் பாஸ்டன், சிகாகோ விளம்பரங்களுக்குக் கிட்டத்தட்ட 5,000 கற்பனை ரெஸ்யூம்களை அனுப்பி, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். பெயர்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள், வெள்ளையர் பெயர் என்று தோன்றுபவற்றுக்குக் கறுப்பினத்தவர் பெயர்களை விடச் சுமார் 50% அதிகம் அழைப்பு வந்தது. அதில் ரெஸ்யூம் எழுதியவர் செய்த தவறு என்ன? ஒன்றும் இல்லை. சில இடங்களில் விளம்பரம் வரும்போதே ஆளை முடிவு செய்திருப்பார்கள், அதையும் நான் பார்த்திருக்கிறேன். உங்கள் கையில் இருப்பதைச் சரி செய்கிறோம், அவ்வளவுதான்.

மார்ச் 27

சில்லறைத் தவறுகள், நினைவுக்கு வந்த வரிசையில். கோப்பின் பெயர் "ரெஸ்யூம் ஃபைனல் புதுசு 3" என்று இருக்கக் கூடாது, உங்கள் பெயரும் வேலையின் பெயரும் போதும். பள்ளிக்கூட நாளில் விளையாட்டாக ஆரம்பித்த மெயில் முகவரி வேண்டாம். வேர்ட் கோப்பாக அனுப்பினால் ஓரத்தில் நண்பர் எழுதிய குறிப்புகளும் திருத்தங்களும் அப்படியே போயிருக்கிறதா என்று பாருங்கள், "இந்த வேலையை ஏன் விட்டாய் என்று கேட்பார்கள்" என்ற குறிப்போடு எனக்கு ஒன்று வந்தது. முகப்புக் கடிதத்தில் வேறு நிறுவனத்தின் பெயர், இது வாரம் ஒன்றாவது வரும். "பரிந்துரைப்பவர்கள் விவரம் கேட்டால் தரப்படும்" என்ற வரி தேவையில்லை, கேட்டால் தரத்தானே போகிறீர்கள்.

ஏப்ரல் 6

புதிய ரெஸ்யூமை ஒன்பது இடத்துக்கு அனுப்பி இரண்டு அழைப்பு வந்திருக்கிறது என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. ஒன்றில் அந்த அடுக்குக் கணக்கைப் பற்றித்தான் இருபது நிமிடம் பேசினார்களாம்!

நீங்கள் அனுப்பிய கோப்பை இன்று காலை திறந்து பார்த்தேன். வரிகள் நன்றாக இருக்கின்றன, ஒட்டிப் பார்த்தாலும் வரிசையாக வருகின்றன. இரண்டு விஷயம் மட்டும். பிடிஎஃபின் பண்புகளில் தலைப்பு என்ற இடத்தில் வேறொருவர் பெயர் இருக்கிறது, யாருடைய கோப்பை எடுத்து அதன் மேல் எழுதினீர்களோ அவர் பெயராக இருக்கும். உலாவியில் திறந்தால் அந்தப் பெயர்தான் மேலே தெரிகிறது. வேர்டில் கோப்பு விவரத்தில் மாற்றிவிட்டு மறுபடி பிடிஎஃப் ஆக்குங்கள்.

அப்புறம் போன் எண். வீட்டில் வேறொருவரிடம் கோப்பைக் கொடுத்து, அதில் இருக்கிற எண்ணைப் பார்த்து அவர் போனிலிருந்து அடிக்கச் சொல்லுங்கள். உங்கள் போன் மணி அடித்த பிறகு அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள்.